மதுரவாயல் – வாலாஜாபேட்டை சுங்கச் சாலை: ஐந்துக்கு ஒன்றரை

காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஹோட்டலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், காசு கொடுத்துப் போகிற சாலைக்கு ஏன் யாருமே எழுதுவதில்லை என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து வேலூர், பெங்களூரு பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதைப் படியுங்கள். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மதுரவாயலில் தொடங்கி வாலாஜாபேட்டையில் முடிகிற தொண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரை, நடுநடுவே வேலை முடிந்து ஆறு வழியாகத் திறந்துவிட்டிருக்கிற பகுதிகளுக்காக. அங்கே போகும்போது இந்தச் சாலை முழுக்க எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது புரிகிறது.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. பூந்தமல்லி, திருமழிசை தாண்டுவதற்குள்ளேயே பொறுமை போய்விடும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தொழிற்சாலை லாரிகளும் ஷிப்ட் பஸ்களும் சேர்ந்துகொள்ளும். சுங்குவார்சத்திரம் போன்ற இடங்களில் மேம்பால வேலைக்காக மொத்தப் போக்குவரத்தையும் சர்வீஸ் ரோட்டில் தள்ளிவிட்டு, அந்த சர்வீஸ் ரோடு தாங்குமா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பகலில் எரிச்சலோடு போய்விடலாம். இரவில், அதுவும் மழையில், எந்த இடத்தில் டைவர்ஷன் திரும்புகிறது என்பதே தெரியாமல் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கை நம்பி ஓட்ட வேண்டியிருக்கிறது. பைக்கில் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. காரில் போகிறவனுக்கு இது தாமதம், அவர்களுக்கு உயிர்.

இது இன்று நேற்று வந்த குறை இல்லை. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே இந்தப் பகுதியின் நிலையைப் பார்த்து, சாலையைச் சரிசெய்கிற வரை நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய இரண்டு சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எனக்குத் தெரிந்து சாலைப் பயணிகளுக்குக் கிடைத்த மிக நேர்மையான தீர்ப்பு அதுதான்: பாதி சாலை, பாதிக் காசு. கொஞ்ச காலத்தில் முழுக் கட்டணம் திரும்பி வந்துவிட்டது, ஆறு வழியாக்கும் வேலை மட்டும் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கேரளாவில் 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இடப்பள்ளி – மண்ணுத்தி சாலையில் நெரிசல் தாங்கவில்லை என்று பாலியேக்கரை சாவடியில் கட்டணம் வாங்குவதையே அந்த மாநில உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கேயும் எடுபடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்கிற சாலைக்கு ஒருவர் எதற்காக 150 ரூபாய் தர வேண்டும் என்றுதான் நீதிபதிகள் கேட்டார்கள்.

இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டிலும் நண்பர்களிடத்திலும் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். ஒரு பக்கம், அரசாங்கம் பெருத்துப்போய்விட்டது, ஆட்களைக் குறை, வரியைக் குறை, சாலையைத் தனியாரிடம் கொடு என்பார்கள். இன்னொரு பக்கம், நம் நாட்டில் வரியே குறைவு, காசு இல்லாமல் சாலை எப்படி வரும் என்பார்கள். இரண்டு பேரிடமும் பாதி நியாயம் இருக்கிறது, அதனால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

வரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் புதுக் கார் வாங்கினால் ஆயுள் வரி 2023 நவம்பரிலிருந்து விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம். பெட்ரோல் போட்டால் மத்திய கலால் வரி, அதற்குள்ளேயே சாலைக்கென்று தனி செஸ் (1998-இல் லிட்டருக்கு ஒரு ரூபாயாகத் தொடங்கியது), அதற்கு மேல் மாநிலத்தின் 13 சதவீத வாட் வரி, கூடவே லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இவ்வளவும் கொடுத்த பிறகுதான் டோல்கேட் வருகிறது. ஆகவே வரி குறைவு என்று கார் வைத்திருக்கிறவனிடம் சொன்னால் அவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மொத்த நாட்டுக்கும் பார்த்தால், மத்திய மாநில வரிகள் எல்லாம் சேர்ந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 18 சதவீதம்தான், பணக்கார நாடுகளின் சராசரி 34 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதுவும் உண்மை.

என் அனுபவத்தில் அரசாங்கம் பெரிதா சிறிதா என்ற கேள்வியே இந்தச் சாலைக்குப் பொருந்தவில்லை. வசூலிக்கிற கை பலமாக இருக்கிறது, கட்டுகிற கை மெலிந்து கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக்கைக் கட்டாயமாக்கினார்கள், நாடு முழுக்க ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது, இன்று வண்டி நிற்பதற்குள் பணம் போய்விடுகிறது. இவ்வளவு திறமை அரசாங்கத்திடம் இருக்கிறது. அதே திறமை ஏன் ஒரு மேம்பாலத்துக்கு வரவில்லை?

காரணம் தேடினால் வேலை எங்கே நிற்கிறது என்பது தெரியும். நிலம் எடுப்பது தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நடக்கிறது, பணம் தருவது ஆணையம், ஆனால் அளந்து, ஆட்சேபம் கேட்டு, இழப்பீடு நிர்ணயிப்பது மாநில வருவாய்த் துறை அதிகாரி. நில எடுப்புத் தாசில்தாரும் சர்வேயரும் போதுமான அளவில் இல்லாவிட்டால் கோப்பு நகராது. மின்கம்பம் மாற்ற ஒரு துறை, குடிநீர்க் குழாய் மாற்ற இன்னொரு துறை, ஏரி மண் எடுக்க வேறொரு அனுமதி. ஆணையத்திலேயே பல பொறியாளர்கள் வேறு துறையிலிருந்து சில ஆண்டுகளுக்கு வந்து போகிறவர்கள், தளத்தில் மேற்பார்வை பார்ப்பது பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்கள். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்த காண்டிராக்டர் நடுவில் திணறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மறுபடி டெண்டர் விட்டு, புது ஆள் வந்து இறங்குவதற்குள் தோண்டிப் போட்ட இடத்தில் ஒரு மழைக்காலமே ஓடிவிடும். ஆட்களைக் குறைக்கச் சொல்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது, இங்கே குறைச்சலாக இருப்பதே ஆட்கள்தான், அதுவும் பொறுப்பான ஆட்கள்.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு பதில் இந்தச் சாலையிலேயே இருக்கிறது. வாலாஜாபேட்டையைத் தாண்டி கிருஷ்ணகிரி வரை போய்ப் பாருங்கள், அதுவும் சுங்கச் சாலைதான், தனியார் நிறுவனம் முதல் போட்டு ஆறு வழியாக்கியது. மதுரவாயல் பக்கத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. அப்படியானால் தனியார் வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், மதுரவாயல் பக்கம் வேலை செய்கிறவர்களும் தனியார் காண்டிராக்டர்கள்தான். கிருஷ்ணகிரி பக்கம் கட்டியவரே நீண்ட காலம் பராமரித்து வசூலும் செய்ய வேண்டும், சாலை கெட்டால் செலவு அவருடையது. யார் தலையில் செலவு விழுகிறது என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொன்னால் சாலை வருகிறது.

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார், மதிப்பு 1,815 கோடி ரூபாய். 2012-இல் கூவத்தில் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று அன்றைய மாநில அரசு வேலையை நிறுத்தியது. அப்புறம் வழக்கு, ஆட்சி மாற்றம், புது வரைபடம். 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்த முறை இரண்டடுக்குப் பாலம், 5,850 கோடிக்கு மேல். அதே நாளில்தான் 262 கிலோமீட்டர் பெங்களூரு – சென்னை விரைவுச் சாலைக்கும் அடிக்கல், 14,870 கோடிக்கு மேல். அதில் கர்நாடகப் பகுதி 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்துவிட்டது, நம் பக்கம் அப்போதும் வேலை நடந்துகொண்டிருந்தது. பறக்கும் சாலை விஷயத்தில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாக் கட்சியும் ஆண்ட காலத்தில் அந்தத் தூண்கள் மொட்டையாகவே நின்றன, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்காரர்கள்தான் இரவிரவாகக் காத்துக் கிடந்தார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். வேலை நடக்கிற கிலோமீட்டருக்குக் கட்டணம் தானாகவே குறைய வேண்டும், ஒவ்வொரு முறையும் யாராவது நீதிமன்றம் போய்க் கேட்கும்படி இருக்கக் கூடாது. வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது வரை பதிவாகிற காலத்தில் இது முடியாத காரியமே இல்லை. வருமானம் குறைந்தால் வேலையை முடிக்கிற அவசரம் வசூலிக்கிறவர்களுக்கே வந்துவிடும்.

போகிறவர்களுக்கு: முடிந்தால் விடிவதற்கு முன்பே மதுரவாயலைத் தாண்டிவிடுங்கள், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாட்டாதீர்கள், மழை இரவில் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கில் லாபம்தான், 200 முறை கடக்கலாம், அந்த அறிமுக விலையில் ஒரு சாவடிக்கு 15 ரூபாய் ஆனது. ஆனால் காசை முன்கூட்டியே கட்டிவிடுவதால், நாளைக்கு 2020 போல இன்னொரு பாதிக் கட்டண உத்தரவு வந்தாலும் பாஸ் வாங்கியவர்களுக்கு அதில் மிச்சம் எதுவும் இருக்காது. அதையும் யோசித்து வாங்குங்கள்.