நியூஸ் சர்வர் ஃபீட் செட் பண்ணித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட உஷார்!

யூஸ்நெட் (குரூப் குரூப்பா பேசுற பழைய இன்டர்நெட் விவாத நெட்வொர்க்) சர்வர் இன்னும் சொந்தமா ஓட்டுறவங்களே கொஞ்ச பேருதான், விஷயம் தெரிஞ்ச ஆளும் கம்மி, அந்த தைரியத்துல தான் இந்த மாதிரி ஆளுங்க வர்றாங்க.

எங்களுக்கு ஐஎன்என்ங்கிற நியூஸ் சர்வர் சாஃப்ட்வேர் போட்டு, வெளி சர்வர் ஒண்ணோட ரெண்டு பக்கமும் பியரிங் (ரெண்டு சர்வரும் ஆர்ட்டிகிளை, அதாவது குரூப்ல எழுதுற போஸ்ட்டை, ஒண்ணுக்கொண்ணு தானா அனுப்பிக்கிற ஃபீட்) செட் பண்ணித் தர்றேன்னு ஒரு கன்சல்டன்ட் (பேரு வேணாம்) காசு வாங்கினார். ஆர்ட்டிகிள் வந்துச்சு, போச்சு, சரி ஓடுதுன்னு நினைச்சோம். அப்புறம் திடீர்னு வரத்து சுத்தமா நின்னுடுச்சு, லாக்ல ஒரு எரர் கூட இல்ல. நோண்டிப் பார்த்தா ஃபீடே இல்லங்க! சாதாரணமா படிக்கிறவங்களுக்குக் குடுக்கிற ரீடர் அக்கவுன்ட் ஒண்ணு வாங்கி, க்ரான்ல (நேரத்துக்கு நேரம் தானா ஓட வைக்கிறது) ஒரு ஸ்கிரிப்ட் போட்டு ஆர்ட்டிகிளை இழுத்து நம்ம சர்வருக்குள்ளயே தள்ளிட்டு இருந்திருக்கார்.

நிஜ ஃபீட்னா அந்த சர்வரே நம்மகிட்ட வந்து ஐஹேவ்ங்கிற (என்கிட்ட இது இருக்கு, வேணுமான்னு கேக்குற) கமாண்டோட ஆர்ட்டிகிளோட மெசேஜ் ஐடியை நீட்டும், வேணும்னா நம்ம சர்வர் 335 சொல்லும், ஏற்கனவே இருந்தா 435, அவ்ளோதான், 1986-ல வந்த ஆர்எஃப்சி 977-ங்கிற நியூஸ் சர்வர் ஸ்டாண்டர்டுலயே இருக்கிற சமாச்சாரம். மெசேஜ் ஐடி உலகம் பூரா ஒண்ணுதான். ஆனா இவர் ஸ்கிரிப்ட் பார்த்தது ஆர்ட்டிகிள் நம்பரை, அது சர்வருக்கு சர்வர் வேற. அந்த வெளி சர்வர்க்காரங்க மெஷினை மாத்தினதும் நம்பர் முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு, நம்ம ஸ்கிரிப்ட் பழைய பெரிய நம்பரைத் தாண்டி வரட்டும்னு தேமேன்னு உக்காந்திருக்கு.

வெளிய போறது இன்னும் கொடுமை. எங்க யூசர் யார் எழுதினாலும் அந்த ஒத்த அக்கவுன்ட்ல போஸ்ட் ஆகியிருக்கு, அந்தப் பக்கம் ரிஜெக்ட் பண்ணதை ஸ்கிரிப்ட் சத்தமில்லாம டெலீட் பண்ணிருக்கு. எந்த குரூப்பை வெளிய அனுப்பணும்னு சொல்ற நியூஸ்ஃபீட்ஸ் ஃபைல்ல வெறும் ஸ்டார் (எல்லாமேன்னு அர்த்தம்) மட்டும் போட்டு வச்சிருந்தார், உள்ளுக்குள்ள பேசுற லோக்கல் குரூப்பை விலக்கவே இல்ல. நிஜமான ஃபீடா இருந்திருந்தா அதுவும் வெளிய போயிருக்கும், போனா போனதுதான், போனதை அழிக்கச் சொல்ற கேன்சல் மெசேஜை இப்ப நிறைய சர்வர் கண்டுக்கிறதே இல்ல. போலியா இருந்ததே நல்லதாப் போச்சு போங்க.

கேட்டா "ஆர்ட்டிகிள் வந்துச்சுல்ல சார், அப்புறம் என்ன"ன்றார். பணம் திரும்ப வரல, இப்ப போனையும் எடுக்கிறதில்ல.

மிச்சக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி நியூஸ் லாக்கைத் திறந்து பாருங்க, வெளிய இருந்து வர்ற ஒவ்வொரு ஆர்ட்டிகிள் வரியிலயும் பியர் சர்வர் பேரு இருக்கணும், எங்களுக்கு எல்லா வரியிலயும் லோக்கல்ஹோஸ்ட்னு (நம்ம மெஷினேதான்) இருந்துச்சு. அப்புறம் அந்த பியர் சர்வரோட அட்மின்கிட்ட நேரா மெயில்ல கேளுங்க, எங்க சர்வர் பேரு உங்க இன்கமிங் கான்ஃப் ஃபைல்ல (யார் ஃபீடை ஏத்துக்கணும்ங்கிற லிஸ்ட்) இருக்கான்னு. அவர் இருக்குன்னு சொன்னாலும் உங்க சர்வர்ல இருந்து அவங்க போர்ட் 119-க்கு (நியூஸ் சர்வர் போர்ட்) டெல்நெட் அடிச்சு, என்னென்ன செய்ய விடுவேன்னு லிஸ்ட் குடுக்கிற கேப்பபிலிட்டீஸ் கமாண்டை டைப் பண்ணுங்க, வர்ற லிஸ்ட்ல ஐஹேவ் இருக்கணும். வெறும் ரீடர், போஸ்ட்னு மட்டும் வந்தா அவங்க உங்களைப் பியரா சேர்க்கவே இல்ல. இதை வேற மெஷின்ல இருந்து பண்ணாதீங்க, கூப்பிடுற மெஷினோட ஐபியைப் பார்த்துதான் ஐஎன்என் பியரா ரீடரான்னு பிரிக்கும். அந்த ஆளு ஃபயர்வால் அது இதுன்னு ஏதாவது சொல்வார், நீங்களே கீபோர்டுல கை வச்சு டைப் பண்ணிப் பாருங்க.