கிராஸ் வேலியா, கோல்டன் கேட் பூங்காவா?

வட கலிஃபோர்னியாவில் புளூகிராஸ் (ஃபிடில், பாஞ்சோ போன்ற தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை) கேட்க எந்த விழாவுக்குப் போவது என்று தடுமாறுகிறவர்களுக்கு:

செலவு: சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் நடக்கும் ஹார்ட்லி ஸ்டிரிக்ட்லி புளூகிராஸ் விழா முற்றிலும் இலவசம். பாஞ்சோ வாசித்த முதலீட்டாளர் வாரன் ஹெல்மன் 2001இல் தொடங்கியது. கிராஸ் வேலி ஊரில் நடக்கும் கலிஃபோர்னியா புளூகிராஸ் சங்கத்தின் தந்தையர் தின விழாவுக்கு டிக்கெட் உண்டு.

வசதி: பூங்காவுக்குப் பஸ்ஸிலேயே போகலாம், கூட்டம்தான் நெரிக்கும். கிராஸ் வேலியில் ஜூன் வெயிலைத் தாங்க வேண்டும்.

இசை: பூங்காவில் ராக்கும் கலந்து வரும். கிராஸ் வேலியிலோ பைன் மரங்களடியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். மேடை ஓய்ந்த பிறகும் ஃபிடில், மாண்டலின், பாஞ்சோவுடன் ஆங்காங்கே வட்டம் கூடும். அறிமுகமில்லாதவரும் ஓரமாக நின்று சுருதியைப் பிடித்துக்கொண்டு சேரலாம். என் கணக்கில் விழாவே அதுதான்.

பிரபலங்களைக் காசில்லாமல் கேட்க வேண்டுமா, அக்டோபரில் பூங்காவுக்குப் போங்கள். கையில் வாத்தியம் இருந்தால் கிராஸ் வேலி.