முட்டையிடும் பாலூட்டி: பிளாட்டிபஸா, எகிட்னாவா?

முட்டையிடும் பாலூட்டிகளில் இன்று மிஞ்சியிருப்பவை வாத்து போன்ற அலகுள்ள பிளாட்டிபஸும் முள்ளுடம்பு எகிட்னாவும்தான். இரண்டும் ஆஸ்திரேலியாவில் உண்டு. எகிட்னா நியூ கினியிலும் வாழ்கிறது. இரண்டுக்கும் முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும்.

பிளாட்டிபஸ் நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு வேட்டையாடும். இரையின் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தை அதன் அலகு உணர்ந்துவிடும். ஆணின் பின்னங்காலில் விஷமுள் வேறு! 1799இல் இந்த விலங்கை விவரித்த ஆங்கில இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்து அலகை வேறொரு விலங்கின் உடம்பில் யாரோ ஒட்டிய வேலையோ என்று சந்தேகப்பட்டார். நியாயம்தானே?

எகிட்னாவிடம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. உடம்பெல்லாம் முள், நீண்ட நாக்கு. ஆஸ்திரேலிய வகைக்கு எறும்பும் கரையானும் சாப்பாடு. ஆனால் பிளாட்டிபஸ் கரையோர வளையில் முட்டையிட, இது வயிற்றுப் பையிலேயே வைத்துக்கொள்கிறது.

விநோதத்துக்கு என் ஓட்டு பிளாட்டிபஸுக்கே. நேரில் பார்க்க ஆசையென்றால் எகிட்னாதான் சரி. மற்றது பெரும்பாலும் இரவில்தான் நடமாடும், அதுவும் தண்ணீரில்.