"ஒருமுறை சுட்டது" என்று விற்ற 303 பித்தளை உறைகள்: வாங்குமுன் படியுங்கள்

போன வசந்தத்தில் ஒன்டாரியோவில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் 303 பிரிட்டிஷ் ரகத் தோட்டாவின் காலி உறைகள் 200 வாங்கினேன். ஜிப் பைகள் இரண்டு. பையின் மேல் மார்க்கரில் "ஒருமுறை சுட்டது, சுத்தம் செய்தது" என்று எழுதியிருந்தது. விலை 160 டாலர். அந்த உறைகளில் ஒன்று என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் இரண்டாக அறுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே ஆள் அதே மாதிரிப் பைகளை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் ரைபிள் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், பழைய ராணுவ ரைபிள். 1943-ல் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. போர்க்காலத்தில் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ரைபிள்களைச் சோதித்த கட்டடம் மிசிசாகாவில் ஏரிக்கரையோரம் இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் ரைபிளுக்கு முத்திரை குத்திய கை யாருடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எண்பது வருடம் தாங்கிய பொருள். என் கையில் அது கெட்டுப்போகக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கடையில் 303 தோட்டா ஒன்று 2 டாலருக்குக் குறையாது. அதனால் சுட்ட உறையைத் திரும்ப எடுத்து, புது பிரைமர் (அடியில் இருக்கும், தட்டினால் பற்றும் சின்ன மூடி) பொருத்தி, மருந்தும் குண்டும் வைத்து நாமே கெட்டித்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். மூன்று வருடமாகச் செய்கிறேன். இதில் மருந்து, பிரைமர், குண்டு மூன்றும் ஒருதரம்தான். பித்தளை உறை மட்டும் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. எனவே அது எத்தனை தரம் சுட்டது என்பதுதான் வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். அதில்தான் விற்றவர் என்னை ஏமாற்றினார்.

முதல் அறிகுறி வீட்டு மேசையிலேயே தெரிந்தது. பழைய பிரைமரைத் தள்ளும்போது டையின் (உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சு) ஊசி மடக்கென்று உடைந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், நடுவில் ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள். பெர்டன் வகை உறை. நாம் வீட்டில் கெட்டிப்பது நடுவில் ஒற்றைத் துளை உள்ள பாக்ஸர் வகை. (பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயர் கண்டுபிடித்தது, ஐரோப்பாவில் அமெரிக்கர் கண்டுபிடித்தது.) தேடிப் பொறுக்கியதில் 31 உறைகள் பெர்டன். விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "கலந்திருக்கும், அடுத்த சந்தையில் மாற்றித் தருகிறேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே இரண்டு பையையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

மீதியில் 40-ஐக் கெட்டித்து ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். கையேட்டில் உள்ள மருந்து அளவுகளில் ஆகக் குறைந்ததுதான் போட்டிருந்தேன். ஆறு தோட்டா ஒழுங்காகப் போனது. ஏழாவதில் சத்தமே வேறு மாதிரி இருந்தது. கன்னத்தில் சூடாக ஊதியது போல ஒரு காற்று. போல்ட்டை, அதாவது குழாயைப் பின்னாலிருந்து மூடும் பூட்டை, பின்னால் இழுத்தேன். உறையின் அடிப்பாகம் மட்டும், விளிம்போடு விரலில் போடும் மோதிரம் போல, வெளியே வந்து விழுந்தது. மேல்பாகம் முழுவதும் சேம்பருக்குள்ளேயே (குழாயில் தோட்டா உட்காரும் பின்பகுதி) நின்றுவிட்டது. அறுந்த ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போல வழுவழுப்பாக, ஒரு பக்கம் கரி படிந்து கறுத்திருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வலது பக்கம் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

ரேஞ்ச் அதிகாரி சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர். அவர் பெட்டியில் உடைந்த உறையை எடுக்கும் கருவி இருந்தது. மிச்சத்தை இழுத்துப் போட்டுவிட்டு, "இது எத்தனையாவது தரம்?" என்று கேட்டார். இரண்டாவது என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல வளைத்து, நான் சுட்டு வைத்திருந்த வேறொரு உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மெதுவாக மேலே இழுக்கச் சொன்னார். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. நல்ல உறையில் கம்பி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

அந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். 303 உறைக்கு அடியில் விளிம்பு உண்டு. சேம்பருக்குள் அதை நிறுத்துவது அந்த விளிம்புதான், தோள் (உறை கழுத்தாகக் குறுகும் இடம்) அல்ல. போர்க்கால ரைபிள்களில் சேறும் தூசியும் போனாலும் தோட்டா ஏற வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகவே குடைந்திருக்கிறார்கள். சுடும்போது உறையின் முன்பகுதி உப்பிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் பின்னால் போய் போல்ட்டில் மோதும். இடையில் உள்ள பித்தளை இழுபட்டு மெலியும். அப்புறம் நாம் முழு டையில் விட்டுத் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறோம். அடுத்த தரம் மறுபடி இழுபடும். சில தரத்திலேயே அந்த இடம் காகிதமாகிவிடும். வெளியே பளபளப்பான ஒரு வளையமாக அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் விற்றவர் என் உறைகளைத் தங்கம் போல மெருகேற்றிக் கொடுத்திருந்தார். எல்லாமே பளபளக்கும்போது வளையம் எங்கே தெரியும்?

விற்றவரிடம் சொன்னேன். "உன் ரைபிள் பழசு, ஹெட்ஸ்பேஸ் போயிருக்கும்" என்றார். அதாவது போல்ட்டுக்கும் உறையின் விளிம்பு வந்து நிற்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடியிருக்கும் என்று. நியாயமான சந்தேகம்தான் என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் 60 டாலர் கொடுத்துச் சோதித்தேன். நம்பர் 4-ல் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வரும்; இடைவெளி கூடினால் பெரிய எண்ணை மாற்றிச் சரிசெய்யலாம். என் ரைபிளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆகக் குறைந்த இடைவெளிக்கான 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் மூடியது, ஆக அதிகத்துக்கான 0.074-ல் மூடவில்லை. ரைபிள் நன்றாக இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு அவர் என் ஃபோனை எடுக்கவே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபது உறைகளை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தேன். பதின்மூன்றில் பள்ளம் இருந்தது. இரண்டில் அந்த இடம் நகத்தால் அழுத்தினாலே நெளிந்தது. விளிம்புகளில் போல்ட்டின் கொக்கி கீறிய தடங்கள் மூன்று, நான்கு, வெவ்வேறு இடங்களில். ஒருமுறை சுட்டிருந்தால் ஒரு தடம்தானே இருக்க வேண்டும்? உறையின் வாயைச் சீவி, உள்ஓரத்தை வழித்த தடமும் இருந்தது. உறை இழுபட்டு 2.222 அங்குலத்தைத் தாண்டினால்தான் வாயைச் சீவுவார்கள். ஒருமுறை சுட்டதற்கு அநேகமாக அந்த வேலை இருக்காது. இன்னொன்று, புது பிரைமர் பொருத்தும்போது கைப்பிடியில் பிடிப்பே தெரியவில்லை, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அன்று அதை வசதி என்று நினைத்தேன். பலமுறை சுட்டுப் பிரைமர் குழி தளர்ந்துபோனதன் அடையாளம் அது.

ஆக, தெரியாமல் கலந்துவிட்டது என்று சொல்ல வழியே இல்லை. வாயைச் சீவியவருக்கு அது எத்தனை தரம் சுட்டது என்று தெரியும். மெருகேற்றியவருக்கு என்ன மறைகிறது என்று தெரியும். எனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் 160 டாலருக்காக இல்லை. என் மகனுக்குப் பதினான்கு வயது. அடுத்த முறை அவனை ரேஞ்சுக்குக் கூட்டிப் போவதாக இருந்தேன்.

மிச்சம் 33 தோட்டாக்களையும் சுத்தியல் வகைப் புல்லரில் (குண்டைக் கழற்றும் கருவி) தட்டிப் பிரித்துவிட்டேன். இப்போது செர்பியாவில் செய்யும் பிபியு கம்பெனியின் புது உறைகளை மட்டும் வாங்குகிறேன். முதல் தரம் சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டினால் உறை பின்னால் போல்ட்டோடு ஒட்டி நிற்கும், அடிப்பாகம் இழுபடாது. அதன் பிறகு கழுத்தை மட்டும் டையில் இறுக்குகிறேன், தோளைத் தொடுவதில்லை. அந்த உறைகளை இந்த ஒரு ரைபிளைத் தவிர வேறெதிலும் போடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஊர்ச் சந்தையில் அவரைப் பார்த்தேன். அதே மேசை விரிப்பு, அதே மார்க்கர் எழுத்து. ஓர் இளைஞர் பையைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் அறுத்த உறையின் பாதி இருந்தது. அந்த இளைஞரிடம் நீட்டி உள்பக்கத்தைக் காட்டினேன். பையைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார்.