யூதமும் கிறிஸ்தவமும் பிரியும் இடம் எது?

யூத மதத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வந்துவிடும்: இயேசுவைக் கிறிஸ்தவர்கள் மேசியா (வாக்களிக்கப்பட்ட மீட்பர்) என்று நம்புகிறார்கள், யூதர்கள் நம்புவதில்லை. பதில் சரிதான். ஆனால் கிறிஸ்தவத்திலிருந்து இயேசுவைக் கழித்தால் மிஞ்சுவது யூதம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், இரண்டும் பிரியத் தொடங்கும் இடம் அதற்கு வெகு முன்னால், ஏதேன் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஆதாம் விலக்கப்பட்ட கனியைத் தின்று துரத்தப்பட்ட கதையை இரு தரப்பும் வாசிக்கிறார்கள். அந்த ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்துக்குள் வந்தன என்று தொடக்ககாலக் கிறிஸ்தவத் தூதர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் (354–430) இதை இன்னும் இறுக்கி, பிறக்கும் குழந்தையும் அந்தக் குற்றத்தில் பங்கோடுதான் பிறக்கிறது என்றார். மேற்கத்திய சபைகளின் ஜென்மப் பாவக் கொள்கை இப்படி உருவானது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வருவது மரணமும் பலவீனமும்தான், குற்றம் அல்ல என்பார்கள். எப்படியானாலும் மனிதன் தன் பலத்தால் எழ முடியாதபடி விழுந்து கிடக்கிறான் என்பதுதான் கிறிஸ்தவத்தின் தொடக்கப்புள்ளி.

யூதர்களின் காலைப் பிரார்த்தனையில் ஒரு வரி வருகிறது: "என் கடவுளே, நீர் எனக்குத் தந்த ஆன்மா தூய்மையானது." மனிதனுக்குள் நல்ல நாட்டம், தீய நாட்டம் என இரண்டு இருக்கின்றன, தீயதை அடக்கும் திறனும் அவனுக்கு உண்டு என்பது யூத மத ஆசிரியர்களான ரபிகளின் போதனை. ஆதாமின் கதைக்கு அடுத்த அதிகாரத்திலேயே கடவுள் அவன் மகன் காயீனிடம், பாவம் வாசலில் படுத்திருக்கிறது, நீ அதை ஆளலாம் என்கிறார். ஆதாமின் வீழ்ச்சிக்குப் பிறகும் மனிதனைப் பார்த்து "உன்னால் முடியும்" என்று கடவுள் சொல்வதாகத்தான் யூத மரபு இதை எடுத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்க மோசேயின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 30ஆம் அதிகாரம் போதும். இந்தக் கட்டளை உனக்குக் கடினமானதல்ல, அது வானத்தில் இல்லை, உன் வாயிலும் இதயத்திலும் இருக்கிறது, நீ அதைச் செய்யலாம் என்று மோசே சொல்கிறார். பவுல் ரோமர் 10இல் இதே பகுதியை எடுத்து, வானத்துக்கு யார் ஏறுவார் என்ற கேள்வியைக் கிறிஸ்துவைக் கீழே கொண்டுவருவதோடு இணைக்கிறார். அருகில் இருக்கும் வார்த்தை, அவர் பிரசங்கிக்கும் விசுவாசத்தின் வார்த்தை ஆகிறது. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதிலோ வேறு கதை. ரபி எலியேசருக்கும் மற்ற ரபிகளுக்கும் ஒரு சட்டத் தகராறு. எலியேசர் சொல்வதே சரி என்று வானத்திலிருந்தே குரல் வருகிறது. உடனே ரபி யோசுவா எழுந்து, "அது வானத்தில் இல்லை" என்கிறார். தோரா (மோசே வழியாக வந்த வேதச் சட்டம்) மனிதர் கையில் கொடுக்கப்பட்டாயிற்று, இனி பெரும்பான்மை முடிவுதான் செல்லும் என்பது அதன் பொருள். ஒரு வசனம், ஒரு பக்கம் கிறிஸ்துவுக்கு அழைத்துப் போகிறது, மறுபக்கம் மனிதனின் பொறுப்புக்கு.

பாவ மன்னிப்பும் இதன் வழியேதான் போகிறது. கிறிஸ்தவத்தில் சிலுவை மரணமே ஒரேதரம் செலுத்தப்பட்ட முழுமையான பலி. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் இதை அழுத்திச் சொல்கிறது. யூதத்தில் கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபோது பலிகளே நின்றுபோயின. மனந்திரும்புதல், ஜெபம், தர்மம் ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளில் உபவாசம் இருந்தாலும், அடுத்தவருக்குச் செய்த தீங்குக்கு அவரைச் சமாதானப்படுத்தாமல் மன்னிப்பு இல்லை என்கிறது ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. எனக்கு இந்த விதியின் மேல் தனி மரியாதை உண்டு. அதே சமயம், தன்னால் திருந்த முடியவில்லை என்று நொந்துபோனவருக்குக் கிறிஸ்தவம் தரும் ஆறுதலையும் குறைத்துப் பேச மனம் வரவில்லை.

சரி, இப்போது மேசியாவுக்கு வருவோம். மனிதகுலம் முழுவதும் பாவத்தில் சிக்கியிருக்கிறது என்றால் அதை மீட்க ஒரு தெய்வீக மீட்பர் வேண்டும். அப்படிச் சிக்கவில்லை என்றால் மேசியாவின் வேலையே வேறு. யூத அறிஞர் மைமோனிடஸ் (1138–1204) தெளிவாக எழுதிவைத்தார்: ஆலயத்தைத் திரும்பக் கட்டி, சிதறிய இஸ்ரவேலரைக் கூட்டிச் சேர்த்தால் அவரே மேசியா, கொல்லப்பட்டால் அவர் வாக்களிக்கப்பட்டவர் அல்ல. அந்த மேசியா ஒரு மனிதர், தாவீதின் வம்சத்து அரசர். கிறிஸ்தவருக்கோ அந்த மரணம்தான் மேசியாவின் பணியே. உலக சமாதானம் இயேசுவின் இரண்டாம் வருகையில் நிறைவேறும். தீர்க்கதரிசி ஏசாயாவின் நூலில், 53ஆம் அதிகாரத்தில் துன்பப்படும் ஊழியன் யார்? இயேசு என்கிறது கிறிஸ்தவம். இஸ்ரவேல் ஜனம் என்கிறார் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி. 1263இல் பார்சிலோனாவில் அரசர் முன்னிலையில் நடந்த யூத-கிறிஸ்தவ விவாதத்தில், மேசியா வந்துவிட்டார் என்றால் உலகம் ஏன் இன்னும் வன்முறையால் நிறைந்திருக்கிறது என்று ரபி நஹ்மனிடஸ் கேட்டார். யூதத் தரப்பின் மிக வலுவான கேள்வி இன்றும் இதுதான்.

திரித்துவம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. "இஸ்ரவேலே கேள், கர்த்தர் ஒருவரே" என்ற உபாகம வசனத்தை இயேசுவே முதல் கட்டளையாகச் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். இரு தரப்பும் அதை ஏற்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரில் அந்த ஒருமை குலையவில்லை என்கிறது கிறிஸ்தவம். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் அறிவித்தது. கடவுள் மனிதனாவது என்பதே யூதத்துக்கு ஏற்க முடியாதது.

"யூதம் சட்டம், கிறிஸ்தவம் அன்பு" என்ற பேச்சு மட்டும் எனக்குக் கோபம் வரவழைக்கும். உன்னைப் போல் பிறனையும் நேசி என்பது யூத வேதத்தின் லேவியராகமத்தில் இருக்கிறது. தோராவின் 613 கட்டளைகளும் யூதருக்கு உடன்படிக்கையின் வடிவம். மீட்பைச் சம்பாதிக்கும் விலை என்று அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. யூதர் அல்லாதவர்க்கு, மனிதர் அனைவருக்குமான அடிப்படை விதிகளாகிய நோவாவின் 7 கட்டளைகள் போதும். பிற இனத்து நீதிமான்களுக்கும் வரப்போகும் உலகில் பங்குண்டு. அதனால்தான் யூதம் மதம் மாற்ற அலைவதில்லை. கிறிஸ்தவத்தில் நற்செய்தியைச் சகல ஜாதிகளுக்கும் கொண்டுபோவது இயேசுவின் கட்டளை.

அப்புறம், இந்தக் கட்டளை யூதருக்கும் பொருந்துமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. யூதர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை ரத்தாகிவிட்டது என்ற போதனை நூற்றாண்டுகளாக ஓங்கியிருந்தது. அதனால் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவித்தது. யூதரைக் குறிவைத்து அமைப்புரீதியான மதமாற்றப் பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதோ ஆதரிப்பதோ இல்லை என்று 2015இல் வத்திக்கான் ஆணையம் ஒன்று எழுதியது. சுவிசேஷச் சபைகள் பலவும் இதை ஏற்கவில்லை. யூதருக்கும் இயேசுவைத் தவிர வேறு வழி இல்லை என்றே போதிக்கின்றன.