சோலார் வேலி போடுகிறவர்களே, எர்த் கம்பியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மரவள்ளி. கிழங்கு பிடித்தால் போதும், காட்டுப்பன்னிக்குத் தகவல் போய்விடும். ஒரே ராத்திரியில் நாலு பாத்தியை உழுதுவிட்டுப் போகும். போன ஐப்பசியில் சோலார் வேலி போட்டேன். சுற்றளவு 450 மீட்டர், நாலு வரிசைக் கம்பி, அதில் ஷாக் விடுகிற மெஷின், பேனல், பேட்டரி எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய். போட்டுக்கொடுத்தவர் பெயரை எழுதவில்லை. செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முடித்த அன்று நல்ல ஈரம். மெஷினுக்குப் பக்கத்திலேயே டெஸ்டரை வைத்து, "பாருங்கண்ணா, 8,000 வோல்ட்டு" என்று காட்டினார். எங்கள் கிடா ஒன்று மூக்கை வைத்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? 8,000 ரூபாய் மட்டும் பாக்கி வைத்துவிட்டு மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மாசியில் மண் காய்ந்தது. அதே கிடா கம்பிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டிச் சாவகாசமாக மேய்கிறது. மறுவாரம் பன்னியும் வந்துவிட்டது. மூன்று நாள் கழித்துப் போனை எடுத்தவர், "உங்க மண்ணு சரியில்லீங்கண்ணா" என்றார். மரவள்ளி விளைகிற மண், அவர் வேலிக்கு மட்டும் ஆகாதாம்.

பிறகு ஒரு பையனை அனுப்பினார். அவன் சொன்ன யோசனைக்காகவே இதை எழுதுகிறேன். "ராத்திரிக்கு மட்டும் ஈ.பி. லைன்ல இருந்து ஒரு ஒயரு இழுத்துக்கலாங்ணா, நடுவுல ஒரு பல்பு போட்டுட்டா ஒண்ணும் ஆகாது." ஆகும். வேலி மெஷின் நொடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாமல் ஒரு உதை கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். தொட்டவன் கையை எடுத்துவிடலாம். ஈ.பி. கரண்டு விடாமல் பாயும், பிடித்த கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது இப்படிக் கள்ளத்தனமாகக் கரண்டு விட்ட வேலியில்தான். பையனை மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நானே மெஷின் பக்கத்தில் போய், மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். ஒரு கையில் வந்துவிட்டது. ஒன்றரை அடி நீளம், கான்கிரீட்டுக்குப் போடுகிற முறுக்குக் கம்பி, மேலெல்லாம் துரு. 450 மீட்டர் வேலிக்கு இந்த ஒன்றுதான்.

மெஷினிலிருந்து வேலிக் கம்பி, வேலிக் கம்பியிலிருந்து பன்னி, பன்னியின் காலிலிருந்து மண், மண்ணிலிருந்து எர்த் கம்பி வழியாகத் திரும்பவும் மெஷின். இந்தச் சுற்று முழுசானால்தான் அடி விழும். மழைக்காலத்தில் ஈர மண் இவர் திருட்டை மூடிவைத்தது, அவ்வளவுதான்.

ஆறடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பு மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக, தொட்டித் தண்ணீர் வழிகிற ஈர இடத்தில் அடித்து, ஒரே ஜி.ஐ. கம்பியால் கிளாம்பு போட்டு இணைத்தேன். வீட்டு எர்த்துக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது, பத்து மீட்டராவது தள்ளி இருக்கணும். மூலையில் 1,500 காட்டிய டெஸ்டர் இப்போது 6,000 காட்டுகிறது. அடிக்கம்பியையும் இறக்க வேண்டியிருந்தது. அவர் ஒன்றரை அடி உயரத்தில் கட்டியிருந்தார், பன்னி குனியக்கூடத் தேவையில்லை. இப்போது அரை அடிக்குச் சற்று மேல். அதில் புல் தொடாமல் வாராவாரம் செதுக்குவது தனி வேலை.

நீங்கள் போடும்போது மெஷின் பக்கத்தில் காட்டுகிற வோல்ட்டை நம்பாதீர்கள், கடைசி மூலைக்கு நடந்து போங்கள். அங்கே நாலைந்து இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி வேலியில் சாய்த்துவிட்டு, திரும்பி வந்து எர்த் கம்பியில் டெஸ்டரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது, இன்னும் பைப்பு அடிக்கச் சொல்லுங்கள். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் 2023 விதிப்படி வனத்துறை அனுமதியும் வாங்கணும். என்னிடம் அதையும் அவர் மூச்சுவிடவில்லை. பிறகு நான்தான் அலைந்தேன்.

பாக்கி 8,000 கேட்டு இன்னமும் போன் வருகிறது. அந்த ஒன்றரை அடிக் கம்பியைத் திண்ணையில்தான் வைத்திருக்கிறேன், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.