கண்ணு தெரியாம 45 டிகிரி வெட்டறது: பட்டறையில எது உதவுது, எது தண்டம்

எனக்கு பார்வை சுத்தமா கிடையாது, மர வேலைதான் தொழில், பெரும்பாலும் சாமி பட ஃப்ரேம், கண்ணாடி ஃப்ரேம், சின்ன சின்ன பெட்டி. "அளவு எடுக்கறது கூட புரியுது, ஆங்கிள் எப்படிண்ணே வெட்டறீங்க"ன்னு கேக்காத ஆளே இல்ல. இத்தனை வருஷமா யூஸ் பண்ணதுல என் அபிப்பிராயத்த எழுதிடறேன்.

மொதல்ல போன். ஐபோன்ல மெஷர் ஆப்புக்குள்ள லெவல்னு ஒன்னு இருக்கு, வாய்ஸ்ஓவர் (திரையில இருக்கறத படிச்சு சொல்ற வசதி) போட்டா டிகிரிய வாய் விட்டு சொல்லும், தனியா செலவில்ல. ஆனா அது புவியீர்ப்ப வச்சு சரிவ மட்டும்தான் அளக்குது. பிளேடு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு சொல்லும், மைட்டர் சா (மேலருந்து இறங்கி கோணமா வெட்டற மெஷின் ரம்பம்) மேஜைய பக்கவாட்டுல திருப்புனா அதுக்கு ஒரு எழவும் தெரியாது. நம்ம ஃப்ரேம் வேலைக்கு வேண்டியதே அந்த பக்கவாட்டு திருப்பம்தான். அதோட முழு டிகிரியாதான் சொல்லும், அது 45ன்னு சொல்றப்ப நிஜத்துல 44.6 இருக்கலாம். அரை டிகிரிதானேன்னு விடவும் முடியாது, ஒரு ஃப்ரேமுக்கு எட்டு வெட்டு, எட்டும் ஒரே பக்கமா அரை டிகிரி தப்புனா மொத்தம் நாலு டிகிரி, மூணு மூலை கச்சிதமா ஒட்டி நாலாவது மூலை வாய பொளந்துக்கிட்டு நிக்கும். காந்தம் வச்ச டிஜிட்டல் ஆங்கிள் பாக்ஸும் ஈர்ப்புல ஓடற சாமான்தான், அதனால அதுக்கும் இதே தொல்லை.

மைட்டர் சாவுல திருப்பும்போது டக்குனு விழுற குழிங்க இருக்கே, அது நமக்குன்னே செஞ்ச மாதிரி. என்னோடதுல 0, 15, 22.5, 31.6, 45. விரலாலயே எண்ணிக்கிட்டு போயிடலாம். (31.6 எதுக்குன்னு ரொம்ப நாள் குழப்பம், சீலிங் ஓரத்துல அடிக்கிற கிரவுன் மோல்டிங்குக்காம்.) ஒரே கெட்ட விஷயம், குழிக்குள்ள தூள் அடைஞ்சா டக்குங்கற சத்தம் மழுங்கி மேஜை முழுசா உக்காராம நிக்கும், பழைய டூத் பிரஷ்ஷால அடிக்கடி தேய்ச்சு விடணும்.

குழிய மட்டும் நம்பாம சரிபார்க்கறதுக்கு ஸ்கூல் ஜாமெட்ரி பாக்ஸ் செட் ஸ்கொயர் போதும், நிஜமாத்தான் சொல்றேன். பிளக்க உருவிட்டு, பிளேட கீழ இறக்கி, ஒரு பக்கத்த ஃபென்ஸ்லயும் (மரத்த அணைச்சு வைக்கிற பின் சட்டம்) இன்னொரு பக்கத்த பிளேடு தகட்டுலயும் ஒட்டி வச்சு விரல ஓட்டிப் பாருங்க. தகடுன்னு சொல்றது முக்கியம், பல்லோட கார்பைடு முனை தகட்ட விட தடிமனா இருக்கும், செட் ஸ்கொயர் பல்லு மேல ஏறி உக்காந்தா எல்லாம் பொய்யா தெரியும், ரெண்டு பல்லுக்கு நடுவுல உள்ள தள்ளி வைக்கணும். சந்தேகம்னா ஒரு துண்டு பேப்பர நுழைச்சு பாருங்க, முனையில போகுது அடியில போகலன்னா ஆங்கிள் தப்பு.

ஆனா இதையெல்லாம் தாண்டி கடைசியில நான் நின்னது டேபிள் சாவுல (மேஜைக்கு மேல பிளேடு நீட்டிக்கிட்டு இருக்கற ரம்பம்) போடற மைட்டர் ஸ்லெட்லதான், அதாவது மரத்த வச்சு பிளேடு மேல தள்ளற பலகை. பிளைவுட் பலகை மேல ரெண்டு கட்டை, ஒன்னுக்கொன்னு சரியா 90. பிளேடு அதுக்கு நடுவுல போகும். இடது கட்டையில ஒரு துண்டு, வலது கட்டையில அதோட ஜோடி. ஸ்லெட்டு லேசா திரும்பி ஒன்னு 45.3 ஆனாக்கூட இன்னொன்னு 44.7 ஆயிடும், கூட்டுனா 90தான், மூலை மூடிக்கும். அதாவது 45ங்கிற நம்பர யாரும் படிச்சு சொல்லவே வேண்டாம், 90 ஒன்ன மட்டும் சரியா வச்சா போதும், 90 பார்க்கறதுக்கு மூலைமட்டம் இருக்கு. மூலைமட்டமே சரியான்னு பார்க்க, பென்சில் கோடு வேண்டாம், கத்தியால ஒரு கீறல் போட்டு, மட்டத்த அப்படியே கவுத்து வச்சு அதே இடத்துல இன்னொரு கீறல். நகத்துக்கு ஒரே பள்ளமா தட்டுபட்டா மட்டம் சரி, போகப்போக ரெண்டா விரிஞ்சா மட்டத்த தூக்கி போடுங்க. ஸ்லெட்ல கை வைக்கிற இடத்துல ரெண்டு கைப்பிடி ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன், பிளேடு ஓடும்போது கை அத விட்டு வராது. இதுல விளையாட்டு வேண்டாம்.

ஆங்கிள் சரியா இருந்தும் மூலை பொளக்குதுன்னா நீளத்த பாருங்க, எதிரெதிர் சட்டம் ரெண்டும் சமமா இல்லைனா எந்த ஆங்கிளும் காப்பாத்தாது. நீளத்துக்கு கிளிக் ரூல் (இழுக்க இழுக்க கிளிக்னு விழுற அளவுகோல்) நல்ல சாமான், ஒரு கிளிக்குக்கு இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு, நம்ம ஆசாரி கணக்குல அரை நூல். ஆனா ஜோடி சட்டத்துக்கு அதையும் எடுக்கறதில்ல, ஸ்டாப் கட்டை ஒன்ன இறுக்கி வச்சு ரெண்டையும் அதுலயே முட்டி வெட்டறேன், அப்புறம் ஒட்டி வச்சு கட்டை விரல் நகத்தால முனைய ஒரு தடவு.

ஆறு பக்க ட்ரே கேட்டா வெட்டு 30, அது செட் ஸ்கொயர்லயே இருக்கு. எட்டு பக்கம்னா 22.5, அதுக்கு நேரா மட்டம் கிடையாது, குழியில வெட்டிட்டு ரெண்டு துண்ட சேர்த்து, உள்பக்க மூலையில 90 மட்டத்தையும் 45 மட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல சொருகி பார்ப்பேன், 135 இடைவெளி இல்லாம நிறைஞ்சா மிச்சத்த வெட்டுவேன்.